'செய்' என்னும் சொல்லும் செய்தலும்

வகுப்பில் ஆசிரியை, "எழுந்து நில்லுங்கள்" என்கிறார். மாணவியர் அனைவரும் எழுந்து நிற்கின்றனர். சற்று நேரம் கழித்துச் 'சொல்வதெழுதுதல்' நடக்கிறது. அதே ஆசிரியை, "எழுந்து நில்லுங்கள் என்று எழுதுங்கள்" என்கிறார். இப்போது ஒருத்தியும் எழுவதில்லை. பேனாக்கள் மட்டும் நோட்டில் ஓடுகின்றன. முதல் வகுப்புக் குழந்தைகூட இதில் தடுமாறுவதில்லை. இரண்டு முறையும் சொற்கள் ஒன்றே. ஆயினும் முதல் முறை அவை ஆணையாக இருந்தன. இரண்டாம் முறை வெறும் எழுத்தாக நின்றன. இந்த மாற்றத்தைச் செய்தது 'என்று' என்னும் ஒரு சிறு சொல்.

நமக்கு இத்துணை எளிதாய்த் தோன்றும் இவ்வேறுபாடு, கணிப்பொறிக்குத் தானாக விளங்குவதில்லை. அது ஆணைகளை ஏற்று உடனே நிறைவேற்றப் பழகிய பொறி. 2ஐயும் 3ஐயும் கூட்டு என்றால் 5 என்று விடை தந்துவிடும். 'கூட்டாதே, கூட்டு என்ற கட்டளையை மட்டும் எழுதி வைத்துக்கொள்' என்று அதனிடம் சொல்ல முடியுமா? 'கூட்டத்தான் வேண்டும், ஆனால் இப்போது வேண்டாம், விடை தேவைப்படும்போது கூட்டினால் போதும்' என்று சொல்ல முடியுமா? இவ்விரண்டு கேள்விகளுக்கும் 'முடியும்' என்று விடை கண்டவர்கள், கணிப்பொறி மொழிகளை அமைத்த அறிஞர்கள். முதலாவது வழிக்கு 'மேற்கோளிட்ட கோவை' என்றும், இரண்டாவது வழிக்கு 'சோம்பல் மதிப்பீடு' என்றும் பெயர் சொல்லலாம். ஆங்கிலத்திலும் இரண்டாவதை 'லேசி இவாலுவேஷன்' என்றே அழைக்கின்றனர். வீட்டுப்பாடத்தைத் தள்ளிப்போடும் தோழியர் இப்பெயரைத் தமக்குச் சாட்சியாக அழைக்க வேண்டாம்! அந்தச் சோம்பல் எத்தகையது என்பதைப் பின்னே காண்போம்.

சொல்லும் பொருளும்

முதலில் மேற்கோளை எடுத்துக்கொள்வோம். சாந்தோமில் வசிக்கும் நமக்குக் கடல் அண்டை வீடு. 'கடல் ஆழமானது' என்று நாம் சொன்னால், கரைக்கு அப்பால் அலையடிக்கும் நீர்ப்பரப்பைப் பற்றிப் பேசுகிறோம். 'கடல் என்பது மூன்றெழுத்துச் சொல்' என்றால், நீரைப் பற்றிப் பேசவில்லை. க, ட, ல் என்னும் எழுத்துகளால் ஆன சொல்லைப் பற்றிப் பேசுகிறோம். நீர்ப்பரப்புக்கு எழுத்து இல்லை. சொல்லுக்கு ஆழம் இல்லை. ஒரே சொல் ஓரிடத்தில் பொருளைக் காட்டுகிறது. வேறோரிடத்தில் தன்னையே காட்டிக்கொள்கிறது.

இதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் பெயரியல் என்றோர் இயல் உண்டு. சொல்லால் பொருளும் அறியப்படும், அச்சொல் தானும் அறியப்படும் என்னும் கருத்து அங்கே கூறப்பட்டுள்ளது. தமிழில் இதற்கென்றே 'என்று', 'என்பது', 'என்னும்' ஆகிய சொற்கள் இருக்கின்றன. கணிப்பொறி மொழியில் அந்த வேலையைச் செய்வதே மேற்கோள் குறி.

கணிப்பொறி மொழியில் இதற்குத் தெளிவான இடம் தந்தவர் அமெரிக்க அறிஞர் ஜான் மெக்கார்த்தி. அவர் 1958இல் லிஸ்ப் என்னும் மொழியை உருவாக்கத் தொடங்கி, 1960இல் அதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அம்மொழியில் 'கூட்டு 2 3' என்று எழுதினால் 5 கிடைக்கும். அதன் முன்னே மேற்கோள் இட்டால் 5 கிடைக்காது. 'கூட்டு', '2', '3' என்னும் மூன்று உறுப்புகள் கொண்ட பட்டியல் கிடைக்கும். கணக்கில் எண்களும் குறிகளும் சேர்ந்த தொடரைக் 'கோவை' என்கிறோம் அல்லவா? அந்தக் கோவையை விடையாக மாற்றாமல், கோவையாகவே கையில் எடுத்துக்கொள்கிறோம்.

சமையல் குறிப்பும் சமையலும்

விடையை விட்டுவிட்டுக் கோவையை வைத்துக்கொள்வதால் என்ன பயன் என்று கேட்கலாம். சமையலறையில் இதற்கு விடை இருக்கிறது. சாம்பார் வைக்கும் முறையை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம். அது குறிப்பு. அடுப்பில் கொதிப்பது சாம்பார். குறிப்பை நான்கு பேருக்கு என்பதிலிருந்து நாற்பது பேருக்கு என்று மாற்றலாம்; மிளகாயைக் குறைக்கலாம்; புளி எத்தனை முறை வருகிறது என்று எண்ணலாம்; அடுத்த தெருவிலுள்ள சித்திக்குப் படியெடுத்து அனுப்பலாம். இவற்றுள் எதற்கும் அடுப்பை மூட்ட வேண்டியதில்லை. கொதித்து முடிந்த சாம்பாரிலோ, போட்ட மிளகாயைத் திரும்ப எடுக்க வழியில்லை.

விடை 5 என்பது கொதித்து முடிந்த சாம்பாரைப் போன்றது. அது 2ஐயும் 3ஐயும் கூட்டி வந்ததா, 6இலிருந்து 1ஐக் கழித்து வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. கோவையோ குறிப்பைப் போன்றது. அதை ஆராயலாம், மாற்றலாம், பிறகு சமைக்கலாம்.

மேல்நிலை வகுப்பு மாணவியர் நுண்கணிதத்தில் வகைக்கெழு காண்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எக்ஸின் வர்க்கத்துக்கு வகைக்கெழு 2 எக்ஸ் என்கிறோம். இங்கே எக்ஸின் மதிப்பு என்ன என்று நாம் கேட்பதே இல்லை. கோவையின் வடிவத்தைப் பார்த்து வேறொரு கோவையை எழுதுகிறோம். மெக்கார்த்தி லிஸ்ப் மொழியைப் பற்றிச் சிந்தித்த தொடக்க நாட்களில் எடுத்துக்கொண்ட கணக்குகளுள் இதுவும் ஒன்று. இன்று புள்ளியியலில் பெரிதும் பயன்படும் 'ஆர்' என்னும் மொழியிலும் இவ்வசதி உண்டு. எக்ஸ் வர்க்கம் என்னும் கோவையை மேற்கோளிட்டு 'டி' என்னும் செயற்கூற்றிடம் கொடுத்தால், 2 பெருக்கல் எக்ஸ் என்று கோவையாகவே திருப்பித் தருகிறது. (ஒன்றையோ பலவற்றையோ உள்ளீடாக வாங்கிக்கொண்டு விடை தரும் சிறு நிரலுக்குச் செயற்கூறு என்று பெயர்.) மேற்கோள் இடாமல் கொடுத்தால், அம்மொழி முதலில் எக்ஸின் மதிப்பைத் தேடப் புறப்பட்டுவிடும்.

இட்லியும் தோசையும்

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். கட்டளையை நிறைவேற்றத்தான் போகிறோம்; ஆனால் எப்போது?

மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சிற்றுண்டிச் சாலைக்குள் காலையில் சென்றால் இரண்டு முறைகளையும் ஒரே சமையலறையில் காணலாம். இட்லி முன்னதாகவே வெந்து காத்திருக்கிறது. எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமலே ஊற்றி வைத்துவிடுகிறார்கள். தோசை அப்படியன்று. மாவும் கல்லும் ஆயத்தமாக இருக்கும்; 'ஒரு தோசை' என்று யாரேனும் கேட்ட பிறகே மாவு கல்லில் விழும். யாரும் கேட்காத தோசை வார்க்கப்படுவதே இல்லை.

பெரும்பாலான கணிப்பொறி மொழிகள் இட்லி முறையைப் பின்பற்றுகின்றன. ஒரு செயற்கூற்றுக்குள் நுழையும் முன், அதற்குக் கொடுக்கும் உள்ளீடுகள் அனைத்தையும் கணக்கிட்டு, விடைகளை மட்டும் உள்ளே அனுப்புகின்றன. சோம்பல் முறையைப் பின்பற்றும் மொழிகளோ உள்ளீட்டைக் கணக்கிடாமலே உள்ளே அனுப்பி, அங்கே அது தேவைப்படும்போது கணக்கிடுகின்றன.

இட்லி முறை மொழிகளிலும்கூட ஓரிடத்தில் தோசை முறை இல்லாமல் முடிவதில்லை. 'குழந்தைகள் யாரும் வரவில்லையென்றால் விழா இல்லை என்று எழுது. வந்திருந்தால் மிட்டாய்களை அவர்கள் எண்ணிக்கையால் வகு' என்று ஒரு நிரல் இருப்பதாகக் கொள்வோம். இரண்டு பகுதிகளையும் முன்னதாகவே கணக்கிட்டு வைத்துப் பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்றால், ஒருவரும் வராத நாளில் பூச்சியத்தால் வகுக்க நேர்ந்து நிரல் நின்றுவிடும். ஆகவே 'என்றால்' என்னும் நிபந்தனை, எது தேவையோ அதை மட்டுமே செய்ய வேண்டும். இந்த நிபந்தனைக்கு உரிய நாகரிகத்தை எல்லாச் செயற்கூறுகளுக்கும் விரிப்பதே சோம்பல் மதிப்பீடு எனலாம்.

பயன் இல்லாத வேலையை விட்டுவிடுவதைச் சோம்பல் என்று சொல்வது சற்றுக் கடுமையான பெயர்தான். கேட்டபோது கொடுக்கத் தவறாதவரை நாம் சோம்பேறி என்பதில்லை!

உறைக்குள் ஒரு வாக்குறுதி

தள்ளிப்போட்ட வேலையை மறக்காமல் வைத்திருப்பது எப்படி? இதற்கு ஆர் மொழியின் ஏற்பாடு தெளிவானது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் உடன் பணியாற்றியோரும் 1976இல் 'எஸ்' என்னும் புள்ளியியல் மொழியைத் தொடங்கினர். அதன் வழியில், நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் ஆகிய இருவரும் 1990களின் தொடக்கத்தில் ஆர் மொழியை உருவாக்கினர். நம் அடையாற்றை அடுத்துள்ள ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர்கள் நடத்திய 'டேட்டா சயின்ஸ் ஃபார் எஞ்சினியர்ஸ்' என்னும் இணையவழிப் பாடம் இம்மொழியைக் கொண்டே அமைந்தது. ஆகவே நம் ஊர் மாணவர்க்கும் இது அந்நியமன்று.

ஆர் மொழியில் நாம் எழுதும் ஒரு செயற்கூற்றுக்கு உள்ளீடு கொடுக்கும்போது, அது ஒரு 'பிராமிஸ்' ஆக உள்ளே செல்கிறது. பிராமிஸ் என்றால் வாக்குறுதி. அதை ஒரு கடித உறையாக எண்ணிக்கொள்ளலாம். உறைக்குள் மூன்று செய்திகள் இருக்கும். ஒன்று, எழுதியபடியே வைத்த கோவை. இரண்டு, அது எழுதப்பட்ட இடத்தின் முகவரி. மூன்று, விடையை எழுதுவதற்கான காலியிடம்.

கோவை சரி, முகவரி எதற்கு? மேரி என்னும் சிறுமி ஒரு சீட்டில், 'இதை அம்மாவிடம் கொடு' என்று எழுதித் தன் தோழி லட்சுமியிடம் தருகிறாள். லட்சுமி வீட்டுக்குப் போன பிறகே சீட்டைப் பிரிக்கிறாள். அங்கேயும் ஓர் அம்மா இருக்கிறார். ஆனால் சீட்டில் உள்ள 'அம்மா' மேரியின் அம்மா அல்லவா? 'அம்மா' என்னும் சொல் எல்லா வீட்டிலும் உண்டு. அது சுட்டும் ஆள் வீட்டுக்கு வீடு வேறு. கணிப்பொறி நிரலிலும் அப்படியே. 'தொகை' என்ற பெயரில் ஒரு மாறி வெளியே இருக்கலாம். அதே பெயரில் வேறொரு மாறி செயற்கூற்றுக்குள்ளும் இருக்கலாம். உறையை உள்ளே பிரித்தாலும், அதிலுள்ள பெயர்களுக்கு அது எழுதப்பட்ட இடத்திலேயே பொருள் தேட வேண்டும். அதற்காகவே முகவரி.

மூன்றாவதாகிய காலியிடமும் கருத்துள்ளது. உறையை முதன்முறை பிரித்துக் கணக்கிட்டதும் விடை அங்கே எழுதப்படுகிறது. மறுமுறை அதே உள்ளீடு தேவைப்பட்டால், மீண்டும் கணக்கிடுவதில்லை. எழுதி வைத்த விடையைப் பார்த்தால் போதும். தேவையில்லாவிட்டால் ஒருமுறையும் இல்லை. தேவைப்பட்டால் ஒரே முறை. இதுவே நல்ல சோம்பலின் இலக்கணம்.

இதனால் ஒரு வியப்பும் நிகழும். ஒரு செயற்கூறு இரண்டு உள்ளீடுகளை வாங்கிக்கொண்டு, முதலாவதை மட்டும் பத்தால் பெருக்கித் தருகிறது என்று கொள்வோம். முதல் உள்ளீடாக 5ஐயும், இரண்டாவதாக 'பிழை, நிரலை நிறுத்து' என்னும் கட்டளையையும் கொடுத்தால் என்ன ஆகும்? இட்லி முறை மொழி அங்கேயே நின்றுவிடும். ஆர் மொழியோ அமைதியாக 50 என்று விடை சொல்லும். இரண்டாவது உறையை யாரும் பிரிக்கவே இல்லை.

இரண்டும் சேரும் இடம்

உறைக்குள் கோவை எழுதியபடியே இருக்கிறது என்றோம். அப்படியானால் உறையைக் கணக்கிடாமல், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்க முடியுமல்லவா? ஆர் மொழியில் 'சப்ஸ்டிடியூட்' என்னும் செயற்கூறு இதைத்தான் செய்கிறது. மேற்கோளும் சோம்பலும் கைகோத்து நிற்கும் இடம் இது.

இதன் பயனை வரைபடம் வரையும்போது காணலாம். ஒரு வகுப்பு மாணவியரின் உயரத்தை 'ஹைட்' என்ற பெயரிலும், எடையை 'வெய்ட்' என்ற பெயரிலும் வைத்து, இரண்டையும் கொண்டு படம் வரையச் சொல்கிறோம். படத்தின் அச்சுகளின் கீழ் அப்பெயர்கள் தாமாகவே எழுதப்பட்டு வரும். நாம் தலைப்பு எதுவும் கொடுக்கவில்லை. எண்களை மட்டும் உள்ளே அனுப்பும் மொழியில் இது நடவாது. எண்களுக்குத் தம் பெயர் தெரியாது. ஆர் மொழி எண்களோடு, அவற்றை நாம் எப்பெயரால் அழைத்தோம் என்பதையும் உறைக்குள் வைத்திருப்பதால், புள்ளிகளை வைக்க விடையையும், அச்சுக்குப் பெயரிட எழுத்தையும் பயன்படுத்திக்கொள்கிறது.

தியாகராய நகரில் முடிவில்லாப் பட்டியல்

ஆர் மொழியில் சோம்பல் செயற்கூற்றின் உள்ளீடுகளோடு நின்றுவிடுகிறது. எல்லாவற்றையும் சோம்பல் முறையிலேயே செய்யும் மொழியும் உண்டு. அதன் பெயர் ஹாஸ்கெல். அமெரிக்க தர்க்கவியல் அறிஞர் ஹாஸ்கெல் கரி என்பவரின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. 1987இல் கூடிய அறிஞர் குழு அம்மொழியை அமைக்க முடிவு செய்து, 1990இல் அதன் முதல் அறிக்கையை வெளியிட்டது. அக்குழுவில் ஐஐடி கான்பூரில் படித்து, அமெரிக்காவின் எம்ஐடியில் பணியாற்றிய அர்விந்த், ரிஷியூர் நிகில் ஆகிய இந்தியர் இருவரும் இடம்பெற்றிருந்தனர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இம்மொழிக்கு நம் நகரத்தோடும் தொடர்பு உண்டு. தியாகராய நகர், ஜி. என். செட்டி சாலையில் சென்னைக் கணிதவியல் நிறுவனம் பல ஆண்டுகள் இயங்கி வந்தது. கணித மேதை சி. எஸ். சேஷாத்ரி அவர்கள் 1989இல் தொடங்கிய நிறுவனம் அது. அவர் நம் லயோலா கல்லூரியில், பிரெஞ்சு நாட்டு இயேசு சபைத் துறவி அருட்தந்தை சார்லஸ் ரசீன் அவர்களிடம் கணிதம் பயின்றவர். 1998இல் இந்நிறுவனம் இளநிலைப் பட்ட வகுப்பைத் தொடங்கியது. 2005இல் சிறுசேரிக்கு இடம் பெயர்ந்தது. அங்கே பட்ட வகுப்பின் தொடக்க நிலையிலேயே ஹாஸ்கெல் மொழியைக் கொண்டு நிரல் எழுதக் கற்பித்து வந்துள்ளனர். அதன் பேராசிரியர்கள் மாதவன் முகுந்த், எஸ். பி. சுரேஷ் ஆகியோர் அதே மொழியை இணையவழிப் பாடமாகவும் நடத்தியுள்ளனர்.

அம்மொழியில் '1 முதல்' என்று தொடங்கி, முடிவு சொல்லாமலே ஒரு பட்டியல் எழுதலாம். அது எல்லா இயல் எண்களின் பட்டியல், அதற்கு முடிவில்லை. இட்லி முறையில் இதை ஆயத்தம் செய்யத் தொடங்கினால் உலகம் உள்ளளவும் முடியாது. சோம்பல் முறையில், பட்டியலின் தலைப்பகுதியும், 'மீதியைப் பிறகு தருகிறேன்' என்னும் ஓர் உறையும் மட்டுமே இருக்கும். கேட்கக் கேட்க ஒவ்வோர் எண்ணாக வெளிவரும்.

பகா எண்களைச் சலித்தெடுக்கும் எரட்டாஸ்தனிஸ் சல்லடையைப் பள்ளியில் படித்திருக்கிறோம். 'எல்லாப் பகா எண்களும்' என்று ஒரு பட்டியலை ஹாஸ்கெல் மொழியில் எழுதி வைத்துவிடலாம். பிறகு ஒருத்தி, 'முதல் பத்து எண்களைத் தா' என்று கேட்டால் 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29 என்று வரும். மற்றொருத்தி, '200ஐத் தாண்டிய முதல் பகா எண் எது?' என்று கேட்டால் 211 என்று வரும். பட்டியலை எழுதியவள், எவ்வளவு கேட்பார்கள் என்று கவலைப்பட வேண்டியதில்லை. கேட்பவள், அதை எப்படி எழுதினார்கள் என்று கவலைப்பட வேண்டியதில்லை. பெரிய நிரல்களை இவ்வாறு தனித்தனித் துண்டுகளாக எழுதிப் பிறகு ஒட்ட முடிவதே சோம்பல் முறையின் பெருஞ்சிறப்பு என்று ஜான் ஹ்யூஸ் என்னும் அறிஞர் 1989இல் வெளியான தம் கட்டுரையில் விளக்கினார்.

தள்ளிப்போடுவதன் தொல்லை

இவ்வளவு நன்மை உடைய முறையை எல்லா மொழிகளும் ஏன் கைக்கொள்ளவில்லை? தள்ளிப்போடுவதற்கு ஒரு விலை உண்டு.

கரும்பலகையில் 1 என்று எழுதியிருக்கிறது. ஆசிரியை ஓர் உறைக்குள், 'பலகையில் உள்ள எண்ணோடு பத்தைக் கூட்டு' என்று எழுதி ஒட்டி வைக்கிறார். பிறகு 1ஐ அழித்து 2 என்று எழுதி, இரண்டாவது உறையிலும் அதையே எழுதுகிறார். அடுத்து 3; மூன்றாவது உறை. மாலையில் மூன்று உறைகளையும் பிரிக்கின்றனர். 11, 12, 13 என்ற விடைகளை அவர் எதிர்பார்த்தார். கிடைத்தவை 13, 13, 13. உறைகளில் பிழையில்லை; முகவரியும் சரியே. ஆனால் பிரிப்பதற்குள் பலகை மாறிவிட்டது.

ஆர் மொழியில் நிரல் எழுதுவோரை இந்தச் சிக்கல் நெடுங்காலம் அலைக்கழித்தது. ஒரு பட்டியலின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரே செயலைச் செய்யும் 'லாப்ளை' போன்ற செயற்கூறுகளில் இது நேர்ந்தது. 2015ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த ஆர் 3.2.0 பதிப்பில், அத்தகைய செயற்கூறுகள் உறைகளை உடனுக்குடன் பிரித்துவிடுமாறு மாற்றியமைத்தனர். மற்ற இடங்களில் நாமே பிரிக்க வேண்டுமானால், அதற்கென்று 'ஃபோர்ஸ்' என்னும் செயற்கூறு இருக்கிறது. மாறாத உலகில் எப்போது பிரித்தாலும் ஒரே விடைதான். மாறும் உலகில் காலம் விடையை மாற்றிவிடும். ஹாஸ்கெல் மொழியில் ஒரு பெயருக்குக் கொடுத்த மதிப்பைப் பின்னர் மாற்றுவதில்லை என்னும் கண்டிப்பு இருப்பதன் காரணமும் இதிலிருந்து விளங்கும். அங்கே பலகையை அழிக்க அழிப்பான் இல்லை.

மற்றொரு தொல்லை குவியல். 1 முதல் 10 லட்சம் வரை எண்களைக் கூட்டுவதாக வைத்துக்கொள்வோம். அவ்வப்போது கூட்டிக்கொண்டே போனால், கையில் எப்போதும் ஒரே ஓர் எண்தான் இருக்கும். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒவ்வொரு கூட்டலையும் உறையில் இட்டு, அந்த உறையை அடுத்த உறையில் இட்டுக்கொண்டே போனால், பத்து லட்சம் உறைகள் சேர்ந்து கணிப்பொறியின் நினைவகத்தை அடைத்துக்கொள்ளும். கடைசியில் வரும் விடையோ ஐம்பதாயிரம் கோடியே ஐந்து லட்சம் என்னும் ஒரே ஓர் எண். மளிகைக் கடைப் பற்று நோட்டில் மாதம் முழுவதும் கூட்டாமல் விட்டுக் கடைசி நாளில் திகைப்பவரை நாம் பார்த்ததில்லையா? ஆகவே ஹாஸ்கெல் மொழியிலும், 'இதை மட்டும் உடனே செய்' என்று சொல்லும் வழிகளை வைத்திருக்கின்றனர். எதைத் தள்ளி வைக்கலாம், எதை அப்போதைக்கப்போது முடிக்க வேண்டும் என்று பகுத்தறிவதுதான் கலை.

பிறர் எழுதிய ஆணை

இவற்றையெல்லாம் நிரல் எழுதுவோர் அறிந்தால் போதாதா, நமக்கென்ன என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். நம் அனைவரையும் தொடும் செய்தி ஒன்று இதில் உண்டு.

மேற்கோளிட்டு வைத்த கோவையை வேண்டும்போது நிறைவேற்றவும் முடியும். அதற்கு 'இவால்' என்னும் கட்டளை உண்டு. நாமே எழுதிய கோவையானால் அச்சமில்லை. முன்பின் அறியாதவர் எழுதியதானால்? இணையப் படிவம் ஒன்றில் 'பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. நல்லவர் அதில் தம் பெயரை எழுதுவார். தீயவரோ பெயருக்குப் பதிலாக, 'பட்டியல் முழுவதையும் அழித்துவிடு' என்னும் பொருள்பட ஒரு கட்டளையை எழுதுவார். கவனமில்லாமல் எழுதப்பட்ட நிரல், அந்தக் கட்டத்தில் வந்ததைத் தன் கட்டளையோடு ஒட்டி நிறைவேற்றிவிடும். எழுத்தாக நிற்க வேண்டியது ஆணையாகிவிடுகிறது. கணிப்பொறிகளின் மீது நடக்கும் பழைய தாக்குதல் முறைகளுள் இது ஒன்று. மாற்று என்ன? வெளியிலிருந்து வரும் எழுத்தை எழுத்தாகவே வைத்துக்கொள்வது. அதற்கு எப்போதும் மேற்கோள் குறிக்குள்ளேயே இடம் தருவது. கட்டளை எது, விவரம் எது என்று இரண்டையும் பிரித்தே அனுப்பும் வழிகள் இன்று உள்ளன.

இனி நம் கைப்பேசியைப் பாருங்கள். 'இச்செய்தியை உடனே பத்துப் பேருக்கு அனுப்பு' என்று ஒன்று வருகிறது. 'வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்களுக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்' என்று மற்றொன்று வருகிறது. இரண்டும் ஆணை வடிவத்தில் உள்ள சொற்கள். கேட்டவுடன் நிறைவேற்றும் பொறியாக நாம் இருந்தால், கவனமில்லாத அந்த நிரலுக்கு நேர்ந்ததே நமக்கும் நேரும். பாட்டியின் சேமிப்பு ஒரு நொடியில் கரைந்துபோகும். 'அனுப்பு என்று எழுதியிருக்கிறது', 'சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள்' என்று மனத்திற்குள் ஓர் 'என்று' சேர்த்துப் பார்த்தால், ஆணை எழுத்தாகி நம் முன்னே நிற்கும். பிறகு அதை யார் எழுதினார், எந்த முகவரியிலிருந்து வந்தது, அதை நிறைவேற்ற வேண்டிய தேவை என்ன என்று நிதானமாகப் பார்க்கலாம்.

அன்பு மாணவியரே, சொல்வதெழுதுதலில் நாம் பிழையின்றிச் செய்யும் இவ்வேறுபாட்டைப் பொறிக்குக் கற்பிக்க அறிஞர்கள் மேற்கோளையும் வாக்குறுதியையும் அமைத்தனர். அதே வேறுபாட்டை வீட்டிலும் கைப்பேசியிலும் மறவாமல் காப்பது நம் கடமை. உங்களுள் சிலர் நாளை ஆர் மொழியோ ஹாஸ்கெல் மொழியோ கற்று, உறைகளைச் செய்வதிலும் பிரிப்பதிலும் வல்லவர்கள் ஆவீர்கள். எத்துறைக்குச் செல்வோரும் இச்சிறு 'என்று'வைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.